எடை தாங்கும் பாலம் நடை தாங்குமா?

சிங்கப்பூர் ஆறு மரினா விரிகுடாவில் கலப்பதற்குச் சற்று முன்னால், ஃபுல்லர்ட்டன் ஹோட்டலை ஒட்டி காவனாக் பாலம் இருக்கிறது. 1869இல் கட்டி முடிக்கப்பட்ட இரும்புப் பாலம் இது. சிங்கப்பூரில் பழைய வடிவம் மாறாமல் நிற்கும் பாலங்களில் இதுவே மூத்தது. 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டதும் வண்டிகளெல்லாம் அங்கே போய்விட்டன. இது நடப்பவர்களுக்கான பாலமாயிற்று. அந்தக் காலத்துப் போலீஸ் அறிவிப்புப் பலகையை முனையில் இன்றும் பார்க்கலாம். சரக்கோடு சேர்த்து மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள வண்டி ஏறக் கூடாது. மாடும் குதிரையும் அறவே கூடாது என்கிறது அது.

மூன்று ஹண்ட்ரட்வெயிட் என்பது 152 கிலோ. கோலாலம்பூரின் செந்தூல் பாசாரில் காய்கறி ஏற்றிய தள்ளுவண்டியே அதைத் தாண்டிவிடும். மனிதர்களுக்கோ அந்தப் பலகையில் எந்த வரம்பும் இல்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறலாம்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கோபுரங்களுக்கு இடையே பாலம் சுமார் 61 மீட்டர் நீளம், 9 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம். தைப்பூசக் கூட்டம்போல் நெருக்கியடித்து ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேர் நின்றால், ஆளுக்கு 65 கிலோ வீதம் 325 கிலோ ஆகிறது. அந்த இடம் முழுக்க அப்படி நிரம்பினால் ஏறக்குறைய 180 டன். அதே இடத்தில் கார்களை உரச உரச நிறுத்தினாலும் சதுர மீட்டருக்கு 200 கிலோ தேறுவது கடினம், ஏனென்றால் காரின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். மனிதக் கூட்டம் கார்க் கூட்டத்தைவிடக் கனமானது. இன்றைக்கு நடைபாலம் வடிவமைக்கும் பொறியாளர்கள் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை சுமை வைத்துக் கணக்குப் போடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் எடை என்பது பாலத்துக்குப் பழகிய எதிரி. எவ்வளவு வரும் என்று தெரிந்தால் அதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு தாங்கும்படி இரும்பைத் தடிமனாக்கிவிடலாம். மனிதனிடம் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. வண்டி உருண்டு போகிறது, அவன் நடக்கிறான். ஒவ்வோர் அடியிலும் பாலத்தைத் தட்டுகிறான், அதுவும் தாளம் தப்பாமல் தட்டுகிறான். இரும்பு நடைபாலங்களின் இருநூறு ஆண்டு வரலாற்றில் பொறியாளர்களைத் திரும்பத் திரும்ப ஏமாற்றியது இந்தத் தட்டல்தான்.

கிளாஸ்கோவில் எடை, சிங்கப்பூரில் நடை

காவனாக் பாலத்தின் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தயாராயின. அங்கேயே ஒருமுறை பூட்டிப் பார்த்து, பாலத்தின் சொந்த எடையைப்போல் நான்கு மடங்கு சுமையைத் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். பிறகு கழற்றிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். சிங்கப்பூரில் அதை மீண்டும் பூட்டி நிறுத்தும் வேலையில் ஈடுபட்டவர்கள் இந்தியக் கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட அவர்கள்தான் அந்த நகரின் சாலைகளையும் தேவாலயத்தையும் ஆளுநர் மாளிகையையும் கட்டியவர்கள். இந்தியக் கைதிகளை வைத்து அங்கே வேலை வாங்கும் முறை 1873இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் அவர்கள் கைபட்ட கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று இந்தப் பாலம்.

பூட்டி முடித்ததும் இரண்டாவது சோதனை நடந்தது. 120 சிப்பாய்கள் வரிசை நெருக்கி, அணிநடை போட்டுப் பாலத்தைக் கடந்தார்கள்.

இந்த இரண்டாம் சோதனையை எடைச் சோதனையாக மட்டும் பார்த்தால் அது வேடிக்கையாகத்தான் தெரியும். 120 பேரின் எடை எட்டு டன்கூட வராது. கிளாஸ்கோவில் நான்கு மடங்கு சுமையை ஏற்கெனவே தாங்கிக் காட்டிய பாலத்துக்கு அது தூசு. ஆனால் அணிநடையில் ஓடும் தாளத்தை எந்த எடைக்கல்லாலும் உண்டாக்க முடியாது. அந்தத் தாளம் ஒரு பாலத்தை என்ன செய்யும் என்பது 1869இல் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு பாலம் ஆற்றில் விழுந்திருந்தது.

கால்வாயில் ஆடாதது ஆற்றில் ஏன் ஆடியது?

இங்கிலாந்தின் இரும்புப் பாலங்கள் முதலில் ஆடவே இல்லை. அவை வளைவுப் பாலங்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும், இழுத்தால் பட்டென்று உடையும். எனவே எல்லாப் பாகமும் அழுத்தத்திலேயே இருக்கும்படி வளைவாகக் கட்டினார்கள். 1779இல் செவர்ன் ஆற்றின் மேல் முதல் பெரிய இரும்பு வளைவு எழுந்தது. பிறகு நாடெங்கும் வெட்டப்பட்ட கால்வாய்களின் மேல் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன நடைபாலங்கள் வந்தன. ஸ்டிராட்ஃபோர்ட் கால்வாயில் சில பாலங்களின் நடுவில் வேண்டுமென்றே ஒரு சிறு பிளவு விட்டிருப்பார்கள். கரையோரம் நடக்கும் குதிரை கயிற்றால் படகை இழுத்துவரும்போது, கயிற்றை அவிழ்க்காமல் அந்தப் பிளவு வழியாகவே நழுவவிடலாம்.

பெரிய பாலம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பர்மிங்காம் அருகே ஸ்மெத்விக்கில், தாமஸ் டெல்ஃபோர்ட் 1829இல் கட்டிய கால்ட்டன் பாலம். ஆழமாக வெட்டிய கால்வாய்க்கு மேலே 46 மீட்டர் நீளத்துக்கு ஒரே வளைவாகத் தாவும் வார்ப்பிரும்புப் பாலம் அது. வண்டிகளுக்காகக் கட்டப்பட்டு, பிற்பாடு காவனாக் பாலத்தைப் போலவே நடப்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த மாதிரிக் கனத்த வளைவில் எத்தனை பேர் நடந்தாலும் அதிர்வு பொருட்படுத்தும் அளவுக்கு வராது.

காரணம் எளிது. எந்தப் பொருளையும் தட்டிவிட்டால் அது தனக்கே உரிய வேகத்தில் ஆடும். இதை இயல்பதிர்வெண் என்பார்கள். பொருள் விறைப்பாக இருந்தால் வேகமாக ஆடும். கனமாகவும் தளர்வாகவும் இருந்தால் மெதுவாக ஆடும். குட்டையான, விறைத்த வளைவு வினாடிக்குப் பல தடவை நடுங்கும். மனிதன் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறான். இரண்டு வேகங்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. படகுப் போக்குவரத்து மிகுந்த அகலமான ஆற்றில் நடுத்தூண் வைக்காமல் தாண்ட வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றபோது தொங்கு பாலம் வந்தது. நீண்டு, மெலிந்து, தளர்வான அந்தப் பாலம் மெதுவாக ஆடியது. அதன் வேகம் இறங்கி இறங்கி மனித நடையின் வேகத்துக்கே வந்து நின்றது.

ஊஞ்சலைத் தள்ளுபவருக்கு இது தெரியும். குழந்தை உட்கார்ந்த ஊஞ்சலை ஒரே மூச்சில் உயரத் தள்ள யாராலும் ஆகாது. ஆனால் அது திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் கூரையைத் தொடும். நேரம் தப்பித் தட்டினால் உள்ள ஆட்டமும் போய்விடும். இந்த ஒத்திசைவில் பலம் பெரிதல்ல, நேரம்தான் பெரிது.

120 பேரும் 14,400 பேரும்

இதை எண்ணிக்கையில் பார்க்கலாம். 65 கிலோ ஆள் நடக்கும்போது அவர் எடை பாலத்தின்மீது ஒரே சீராக இறங்குவதில்லை. கால் ஊன்றும்போது கூடும், காலை எடுக்கும்போது குறையும். இந்த ஏற்றஇறக்கம் அவர் எடையில் சுமார் 40 சதவீதம் வரை போகும். 25 கிலோ எடையுள்ள சுத்தியலால் வினாடிக்கு இரண்டு முறை பாலத்தை அமுக்கிவிடுவதாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கூட்டத்தைப் பாலத்தில் விடுவோம். ஆளுக்கு ஒரு வேகம், ஆளுக்கு ஒரு நேரம். ஒருவர் அமுக்கும்போது இன்னொருவர் காலைத் தூக்கியிருப்பார். பெரும்பாலான தட்டல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலம் மட்டுமே என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. நூறு பேர் தாறுமாறாக நடந்தால், பாலத்துக்கு அது பத்து பேர் தாளம் பிசகாமல் நடந்ததற்குச் சமம். சந்தைக்குப் போகும் 120 பேர், பாலத்தின் கணக்கில் 11 பேர்.

சிப்பாய்கள் அப்படியல்ல. 120 பேரின் இடது காலும் ஒரே நொடியில் தரையில் விழும். எதுவும் அடிபடாது, 120உம் முழுசாக மிஞ்சும். அந்த 120 சிப்பாய்கள் உண்டாக்கும் அதிர்வைத் தாறுமாறாக நடக்கும் கூட்டம் உண்டாக்க வேண்டுமென்றால் 14,400 பேர் தேவை. காவனாக் பாலத்தில் அத்தனை பேர் நிற்கவே இடம் கிடையாது. எட்டு டன் சிப்பாய்களின் நடை 180 டன் கூட்டத்தைவிடக் கடுமையான சோதனை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

காவனாக் பாலம் தேறியதற்கு அதன் அமைப்பும் ஒரு காரணம். அதை வடிவமைத்த ரோலண்ட் மேசன் ஆர்டிஷ், தொங்கும் வளைவை மட்டும் நம்பவில்லை. கோபுர உச்சியிலிருந்து சாய்வான இரும்புப் பட்டைகளை நேராக இறக்கிப் பாலத்தின் தளத்தைப் பிடித்தார். தளம் அதனால் விறைத்தது, ஆட்டம் குறைந்தது. இதே முறையில் அவர் 1873இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் ஆல்பர்ட் பாலத்தைக் கட்டினார். தூண்களுக்கு இடைப்பட்ட அதன் நடுக்கண் காவனாக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளம். நீளம் கூடியதும் நடுக்கம் வந்துவிட்டது. லண்டன்காரர்கள் அதற்கு 'நடுங்கும் சீமாட்டி' என்றே பெயர் வைத்தார்கள். படைவீரர்கள் இந்தப் பாலத்தில் அணிநடையைக் கலைத்துவிட்டு நடக்க வேண்டும் என்ற பலகை அங்கே இன்றும் தொங்குகிறது. 1973இல் நடுக்கண்ணுக்கு அடியில் இரண்டு கான்கிரீட் தூண்களைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

விசிலடித்துக்கொண்டு விழுந்தவர்கள்

அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கதை 1831ஆம் ஆண்டினது. மான்செஸ்டர் அருகே இர்வெல் ஆற்றின் மேல் பிராட்டன் தொங்கு பாலம். ஏப்ரல் 12ஆம் தேதி, 60ஆவது ரைஃபிள் படையின் 74 வீரர்கள் நான்கு நான்கு பேராக அதில் நடந்தார்கள். தங்கள் காலடிக்கு ஏற்பப் பாலமும் ஏறி இறங்குவதை உணர்ந்ததும் அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சிலர் அணிநடைப் பாட்டை விசிலடித்தார்கள். பாலத்தின் ஆட்டத்துக்கு இன்னும் இசைவாகக் காலை ஊன்றினார்கள். சங்கிலி ஒன்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணி தெறித்தது. பாலத்தின் ஒரு முனை சரிந்தது. நாற்பது பேர் தண்ணீரில் விழுந்தார்கள். ஆழம் குறைவு என்பதால் உயிர்ச்சேதம் இல்லை; இருபது பேருக்குக் காயம். அதன்பின் பாலம் வந்தால் அணிநடையைக் கலைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவத்தில் உத்தரவு பிறந்தது.

உத்தரவு மட்டும் போதாது என்பதை 1850 ஏப்ரல் 16ஆம் தேதி பிரான்ஸின் ஆஞ்சே நகரம் காட்டியது. புயல் காற்றில் ஒரு படைப்பிரிவு மேன் ஆற்றுத் தொங்கு பாலத்தைக் கடந்தது. வீரர்கள் அணிநடையைக் கலைத்திருந்தார்கள், இடைவெளியும் விட்டிருந்தார்கள். ஆனால் காற்றில் பாலம் பக்கவாட்டில் ஆட, விழாமலிருக்க ஒவ்வொருவரும் காலை அகட்டி ஊன்றினார்கள். ஆட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் ஊன்றலும் ஒன்றாகவே போயிருக்கும். நங்கூரத்தில் புதைந்திருந்த கம்பிகள் ஏற்கெனவே துருவேறியிருந்தன. பாலம் அறுந்தது, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பிராட்டனில் மனிதர்கள் தாளம் கொடுத்தார்கள், பாலம் ஆடியது. ஆஞ்சேயில் பாலம் தாளம் கொடுத்தது, மனிதர்கள் ஆடினார்கள். இந்த இரண்டாவது விஷயத்தைப் பொறியியல் உலகம் மறந்தே போனது. அதை நினைவுபடுத்த இன்னும் 150 ஆண்டுகள் ஆயின.

பக்கவாட்டில் வந்த ஆபத்து

2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி லண்டனில் மில்லேனியம் நடைபாலம் திறக்கப்பட்டது. 325 மீட்டர் நீளம், தட்டையான, ஒல்லியான எஃகுப் பாலம். முதல் நாளே பல்லாயிரம் பேர் வந்தார்கள். பாலம் பாம்புபோல் பக்கவாட்டில் நெளிய ஆரம்பித்தது. சில இடங்களில் 70 மில்லிமீட்டர் வரை விலகியது. நடப்பவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள். இரண்டே நாளில் மூடிவிட்டார்கள்.

வடிவமைப்பாளர்கள் மேலும் கீழுமான ஆட்டத்தைக் கணக்குப் போட்டிருந்தார்கள், பக்கவாட்டை லட்சியம் செய்யவில்லை. நாம் நடக்கும்போது உடல் இடமும் வலமும் சற்றே சாய்கிறது. அதனால் தரையைப் பக்கவாட்டில் தள்ளுகிறோம். தள்ளும் விசை இரண்டரை, மூன்று கிலோ அளவுதான். இடது கால் ஒரு பக்கம், வலது கால் மறு பக்கம் தள்ளுவதால், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு அடி ஆகிறது. ஆகவே இதன் வேகம் பாதி, வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று. பாலத்தின் பக்கவாட்டு இயல்பதிர்வெண்ணும் அதே எல்லைக்குள் இருந்தது.

பிறகு பாலத்திலேயே ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தபோதுதான் உண்மையான ஆச்சரியம் வெளிப்பட்டது. ஆட்கள் கூடக் கூட ஆட்டமும் படிப்படியாகக் கூடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி நடக்கவில்லை. சோதித்த பகுதியில் சுமார் 160 பேர் வரை பாலம் கிட்டத்தட்ட அசையாமலே இருந்தது. இன்னும் சிலர் ஏறியதும் திடீரென்று ஆட்டம் எகிறியது. ஒரு சிறு அசைவு வந்தால் மனிதன் தடுமாறாமலிருக்கக் காலைச் சற்று அகட்டி ஊன்றுகிறான். அந்த ஊன்றல் அசைவுக்கு இன்னும் உரம் போடுகிறது. ஆஞ்சே சிப்பாய்கள் செய்தது இதைத்தான். எல்லாரும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவதே காரணம் என்று முதலில் விளக்கினார்கள். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாளம் ஒன்றாகாவிட்டாலும் இந்த அகட்டி ஊன்றல் ஒன்றே பாலத்தை ஆட்டப் போதும் என்று காட்டியது.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் ஒரு நடைபாலத்தில் இதே பக்கவாட்டு ஆட்டத்தை அளந்து ஃபுஜினோ குழுவினர் 1993இலேயே கட்டுரை எழுதியிருந்தார்கள். அறிவு ஆய்விதழில் இருந்தது, கட்டட விதிநூலுக்கு வந்து சேரவில்லை.

ரிவெட்டுக்குள் ஒளிந்திருந்த பிரேக்

பழைய இரும்புப் பாலங்கள் இந்த அளவுக்கு அலைக்கழிக்காததற்கு ஒரு காரணம், செந்தூல்வாசிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத ஒரு பொருள். ஆங்கிலேயர் காலத்தில் செந்தூலில் எழுந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தாத்தாமார் வேலை பார்த்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. நீராவி எஞ்சினின் பாய்லர் தகடுகளைப் போலவே அந்தப் பாலங்களின் தகடுகளையும் இணைத்தது ரிவெட்தான்.

ரிவெட் அடிப்பது ஒரு குழுவின் வேலை. உலையில் ஒருவர் ஆணியைச் செக்கச்செவேலென்று காய்ச்சுவார். இடுக்கியால் எடுத்து இரண்டு தகடுகளின் துளையில் செருகுவார்கள். தலைப்பக்கம் ஒருவர் கனமான இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிக்க, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அடித்து இன்னொரு தலையாக்குவார்கள். அதற்குப் பிறகுதான் இயற்பியல் தன் வேலையைச் செய்கிறது. ஐந்து செ.மீ. நீள ஆணி ஆயிரம் டிகிரியிலிருந்து குளிரும்போது அரை மில்லிமீட்டருக்கும் மேல் சுருங்கப் பார்க்கும். நடுவில் இருக்கும் தகடுகள் விடாது. அந்த இழுவிசை தகடுகளை ஒன்றோடொன்று இறுக்கிவிடும்.

பாலம் அதிரும்போது இப்படி இறுகிய தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றன்மேல் ஒன்று உரசும். உரசலில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாகி வீணாகும். இதைத் தணிப்பு என்கிறோம். வெல்டிங் வந்தபின் பாலம் ஒரே துண்டாகிவிட்டது. வலிமை கூடியது, எடை குறைந்தது, உரசல் போய்விட்டது. தணிப்பு அரை சதவீதம்தான் இருக்கும் பாலத்தில், ஒத்திசைந்த காலடி அதன் நிலையான விளைவைப்போல் 100 மடங்கு வரை பெருகும். தணிப்பை ஐந்து சதவீதமாக்கினால் அது 10 மடங்கில் அடங்கும். மில்லேனியம் பாலத்தைக் காப்பாற்றியதும் இந்தக் கணக்குதான். எஃகைத் தடிமனாக்காமல், பிசுக்கான திரவத்தில் ஆற்றலைக் கரைக்கும் 37 தணிப்பான்களையும், சுருளில் ஆடும் எடைகளால் ஆன ஐம்பதுக்கும் மேற்பட்ட தணிப்பான்களையும் பொருத்தினார்கள். 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறந்தது.

கோலாலம்பூரின் வானத்திலும் ஆற்றிலும்

சுருளில் ஆடும் எடையைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். மலேசியாவின் மிகப் புகழ்பெற்ற நடைபாலத்துக்குள்ளேயே அது இருக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை 41, 42ஆம் மாடிகளில் இணைக்கும் ஆகாயப் பாலம் 58 மீட்டர் நீளம், தரையிலிருந்து 170 மீட்டர் உயரம். கோபுரங்கள் காற்றில் தனித்தனியாக அசையும் என்பதால் பாலத்தை அவற்றோடு இறுக்கிப் பூட்டவில்லை. உள்ளேயும் வெளியேயும் நழுவ இடம் விட்டிருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் தெரியும் சாய்ந்த கால்கள்தான் அதைத் தாங்குகின்றன. உருளையான அந்த ஒல்லிக் கால்களைக் காற்று தாண்டும்போது, இடமும் வலமும் மாறிமாறிச் சுழல்கள் கழன்று போகும். ஒவ்வொரு சுழலும் காலை ஒரு பக்கம் தள்ளும். அதுவும் ஒருவகைத் தாளம்தான். எனவே கால்களுக்கு உள்ளேயே, அவற்றின் இயல்பதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த எடைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கால் ஒரு பக்கம் போகும்போது எடை மறுபக்கம் இழுத்து ஆட்டத்தை விழுங்கிவிடும்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் 2020இல் திறக்கப்பட்ட சலோமா பாலம். கம்போங் பாருவையும் கே.எல்.சி.சி. பகுதியையும் இணைத்து, கிள்ளான் ஆற்றையும் விரைவுச்சாலையையும் ஒருசேரத் தாண்டுகிறது. 69 மீட்டர். மலாய்க் கல்யாணத்தில் வைக்கும் வெற்றிலை அடுக்கின் சாயலில் செய்த அதன் மேற்கூடு இரவில் நிறம் மாறி மாறி மின்னும். இருட்டியதும் படம் பிடிக்க வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், நடைபாலத்துக்கு நடை மட்டுமல்ல, நிற்பதும் சுமை என்பது புரியும். ஆனால் நிற்கும் மனிதன் ஓர் உதவியும் செய்கிறான். முழங்காலும் தசையும் அதிர்வை உறிஞ்சும். அசையாமல் நிற்கும் கூட்டம் பாலத்துக்கு நல்ல தணிப்பான்.

அதே கூட்டத்துக்கு நடுவில் உறுமி மேளம் முழங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். மேளம் எல்லாருக்கும் ஒரே அடியைக் கொடுக்கிறது. ஆடுபவர் துள்ளும்போது கால் தரையைவிட்டுக் கிளம்பி முழு எடையோடு இறங்கும். நடையின் 40 சதவீத ஏற்றஇறக்கம் எங்கே, இது எங்கே. நூறு பேர் சும்மா நடந்தால் பத்துப் பேர் கணக்கு என்றோமே, மேளத்துக்கு ஆடும் நூறு பேர் நூறு பேர்தான். விளையாட்டரங்கப் பார்வையாளர் மாடங்களை வடிவமைப்பவர்கள் ரசிகர்களின் குதியாட்டத்தைத் தனியாகக் கணக்கிடுவது இதனால்தான். ஊர்வலப் பாதையில் நடைபாலம் இருந்தால் அங்கே மட்டும் மேளத்தை நிறுத்திவிட்டு நடப்பது, சிப்பாய்கள் 1831இல் காயம்பட்டுக் கற்ற பாடத்தைச் செலவில்லாமல் கற்றுக்கொள்வதாகும்.

நடுக்கமா, துருவா?

இவ்வளவு சொன்னபின் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பாலம் நடுங்குகிறது என்பதற்காக அது விழப்போகிறது என்று பொருளில்லை. ஐரோப்பிய விதிநூல், நடைபாலத்தின் மேல்கீழ் இயல்பதிர்வெண் வினாடிக்கு 5க்குக் கீழேயோ, பக்கவாட்டில் 2.5க்குக் கீழேயோ இருந்தால் அதிர்வைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்கிறது. அந்த வரம்புகள் நடப்பவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதற்காக வகுத்தவை. பாலம் அறும் நிலை அதற்கு வெகுதூரத்தில் இருக்கிறது. மில்லேனியம் பாலம் அவ்வளவு ஆடியும் அதில் ஒரு கம்பிகூட அறவில்லை.

பாலங்கள் விழுவது, அந்த ஆட்டம் ஏற்கெனவே நலிந்த ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கும்போதுதான். பிராட்டனில் அது ஓர் ஆணி, ஆஞ்சேயில் மண்ணுக்குள் துருவேறிய கம்பி. 2022 அக்டோபர் 30ஆம் தேதி குஜராத்தின் மோர்பியில் மச்சு ஆற்றின் மேலிருந்த நடைபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்களே, அங்கேயும் இதே கதை. 19ஆம் நூற்றாண்டின் அந்தத் தொங்கு பாலம் பழுதுபார்ப்புக்குப் பிறகு திறந்து நான்கே நாள் ஆகியிருந்தது. இளைஞர்கள் ஆட்டியதால்தான் விழுந்தது என்று முதலில் பேச்சு அடிபட்டது. சிறப்புப் புலனாய்வுக் குழு பார்த்தபோது, ஒரு முதன்மை வடத்தின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் துருவேறிக் கிடந்தன. பழுதுபார்ப்பில் வளைந்துகொடுக்கும் மரப்பலகைகளை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டு எடையைக் கூட்டியிருந்தார்கள். பழைய தொங்குகம்பிகளையே புதியவற்றோடு பற்றவைத்திருந்தார்கள். தளத்தைப் பளபளப்பாக்கிய கை வடத்தைத் தொடவில்லை.

நடுக்கம் இங்கே நமக்கு உதவிக்கு வரலாம். இயல்பதிர்வெண் பாலத்தின் விறைப்பைப் பொறுத்தது, அதுவும் அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு பாலம் முன்பு ஆடிய வேகத்தைவிட ஐந்து சதவீதம் மெதுவாக ஆடுகிறது என்றால், எடை மாறாத நிலையில், விறைப்பில் பத்து சதவீதம் எங்கோ தொலைந்திருக்கிறது. இதை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கைப்பேசிக்குள் அதிர்வை அளக்கும் உணரி இருக்கிறது. அதைப் படிக்க பைஃபாக்ஸ் போன்ற இலவசச் செயலிகளும் இருக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பாலத்தின் நடுவில் கைப்பேசியைத் தரையில் வைத்து, பக்கத்தில் நின்று குதிகாலை உயர்த்தி ஒரே ஒருமுறை 'தொப்'பென்று இறக்கினால் போதும். திரையில் ஓர் அலை எழுந்து தேய்ந்து அடங்கும். வினாடிக்கு எத்தனை முகடு என்பது அதிர்வெண். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது தணிப்பு. பள்ளி மாணவர்கள் ஒரு மதிய வேளையில் செய்துவிடக்கூடிய பரிசோதனை இது.

வெயிலிலும் அதிர்வெண் சற்று மாறும். ஒற்றைக் கம்பி அறுந்தால் அது இந்த அலையில் தெரியாமலும் போகலாம். எனவே ஏணி போட்டு ஏறி, சுரண்டிப் பார்க்கும் கண்ணுக்கும் கைக்கும் மாற்று கிடையாது. ஆனால் தொங்கு பாலமோ நீளமான எஃகு நடைபாலமோ திறக்கும் அன்றைக்கே அதன் அதிர்வெண்ணையும் தணிப்பையும் அளந்து எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று நகராட்சிகள் முடிவெடுத்தால், எந்தப் பாலத்துக்கு முதலில் ஏணி போட வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட ஆகும் செலவைவிட அதற்குக் குறைவாகத்தான் ஆகும்.